ஷூ காய்ந்த பிறகு பேசுவோம்

வெள்ளை ஷூவில் கறை போக்குவது எப்படி என்று சொல்லும் வீடியோக்கள், இந்த ரெண்டு வாரத்தில் இருபதாவது பார்த்திருப்பேன். இதுக்கெல்லாமா விமர்சனம் என்று கேட்கலாம். சினிமாவைப் பார்த்துவிட்டு யாரும் அதை வீட்டில் செய்து பார்ப்பதில்லை. இதைச் செய்து பார்க்கிறோம். நானும் செய்தேன்.

அக்கா பையனுக்குத் திங்கட்கிழமை வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஞாயிறு காலையில் பார்த்தால் ஷூ முழுக்கச் சேறும் புல் கறையும். "மாமா பார்த்துக்கறேன்டா, விடு" என்று வாங்கினேன். வாளியில் பிளீச் ஊற்றி, ஊறவைத்து, தேய்த்து, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் வைத்தேன். வாளியில் இருக்கும்போது கறை போனது உண்மைதான். சாயங்காலம் எடுத்தால் ஓரமெல்லாம் பழைய பேப்பர் மாதிரி மஞ்சள். மறுநாள் பிரேயரில் அவனைத் தனியாக நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றி மூலையில் போட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அப்புறம்தான் அந்த வீடியோக்களை மறுபடி, நிதானமாகப் பார்த்தேன். என் முதல் புகார் நுரை மேல். சமையல் சோடாவையும் வினிகரையும் கலக்குகிறார்கள். பொங்குகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. ஒன்று காரம், ஒன்று அமிலம். ரெண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதற்குக் கறை போக்கும் சக்தி ஏதும் பெரிதாகக் கிடையாது. தனித்தனியாக ரெண்டுக்கும் வேலை உண்டு: சோடா லேசாகச் சுரண்டும், நாற்றம் எடுக்கும், வினிகரின் வேலையைக் கடைசியில் சொல்கிறேன்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ரெண்டைக் கலந்தால் நல்லது என்று பழகிய கை, பிளீச்சோடும் வினிகரைக் கலக்கும். அதில் வருவது குளோரின் வாயு. 1915-ல் ஈப்ரே போர்க்களத்தில் ஆட்களைக் கொல்லத் திறந்துவிட்டதும் அதே வாயுதான். கதவு சாத்திய பாத்ரூமில் தயவுசெய்து வேண்டாம்.

ரெண்டாவது புகார்: எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து. சேறு காய்ந்தபின் தட்டினாலே பாதி போகும்; ஈரத்தில் தேய்த்தால் நூலுக்குள் இறங்கும். எண்ணெய்க்குப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர். புல்லின் பச்சை தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும், சானிடைசர் போதும். துருவுக்கு எலுமிச்சை. ரப்பர் ஓரத்தில் விழும் கறுப்புக் கோட்டுக்கு டூத்பேஸ்ட் சரியான ஆலோசனை, ஏனென்றால் அதில் கால்சியம் கார்பனேட்டோ சிலிக்காவோ பொடியாக இருக்கிறது, உரசி எடுத்துவிடும். அதையே துணி மேல் தேய்த்தால் அந்தப் பொடி நெசவுக்குள் தங்கி வெள்ளையாகத் தெரியும். அது சுத்தம் இல்லை, பூச்சு.

மூன்றாவது புகார்தான் முக்கியம். தேய்க்கிற காட்சி, அலசுகிற காட்சி, வெட்டு, பளபளவென்று ஷூ. நடுவில் இருந்த ஒரு பகல் எங்கே? ஷூ காய்கிற அந்த நேரத்தில்தான் மஞ்சள் வருகிறது. அது பெரும்பாலும் பழைய அழுக்கு இல்லை, நாம் போட்டதுதான்.

எப்படி என்றால், கேன்வாஸ் தடித்த துணி, உள்ளே பஞ்சு, பசை எல்லாம் இருக்கிறது. ரெண்டு அலசலில் சோப்பு முழுதாகப் போகாது. காயும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே ஏறி வரும். வரும்போது சோப்பையும் கரைந்த அழுக்கையும் கூட்டிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், மற்றதெல்லாம் ஓரத்தில் நின்றுவிடும். சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கறுப்பாக நிற்குமே, அதே கதை. துணியில் காரம் மிஞ்சினால் மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பிளீச் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. வெள்ளைத் துணிகளில் ஒளிரும் சாயம் ஒன்று சேர்ப்பது வழக்கம். அது புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும், அதனால்தான் புதுத்துணி 'பளிச்' என்று இருக்கிறது. பிளீச் அந்தச் சாயத்தைச் சிதைத்துவிடும். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், பக்கெட்டைப் பார்த்தாலே தெரியும். பிளீச் பட்டதும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பு துருவாகப் படியும். நான் கறை எடுத்தேன் என்று நினைத்த வாளியில்தான் கறை போட்டிருக்கிறேன்.

சும்மா சொல்லக்கூடாது, பார்த்ததில் ஒரே ஒரு வீடியோ உருப்படி. அந்த ஆள் ஷூவை அலசி, வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரத்தோடு ஒட்டிச் சுற்றி வைத்தார். மறுநாள் பிரித்தபோது பேப்பர் மஞ்சள், ஷூ வெள்ளை. தண்ணீர் இப்போது பேப்பரிலிருந்து ஆவியாகிறது, அதனால் அழுக்கு பேப்பரில் நிற்கிறது. காரணத்தை அவர் சொல்லவில்லை. ஆனால் காய்ந்த ஷூவைக் காட்டினார்.

நானும் செய்தேன். கேன் தண்ணீரில் நாலு முறை அலசினேன். கடைசி அலசலில் ஒரு மக் தண்ணீருக்கு ரெண்டு ஸ்பூன் வினிகர், மிஞ்சிய காரத்தைத் தீர்க்க. அதற்கு முன்னால் பிளீச் வாடை துளிகூட இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பேப்பர் சுற்றி நிழலில் வைத்தேன். முக்கால்வாசி மஞ்சள் போனது. குதிகால் பக்கம் துரு மட்டும் லேசாக நின்றது. எலுமிச்சைக்கும் முழுசாக அசையவில்லை.

பையன் வாங்கிப் பார்த்தான். பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து அந்த இடத்தில் தேய்த்தான். "கிளாஸ்ல எல்லாரும் இதான் மாமா பண்ணுவாங்க" என்றான். அந்தப் பள்ளி கேட்பது அவ்வளவுதான் போல: பிரேயர் முடியும்வரை வெள்ளை. அதற்கு நான் ஒரு வாளி பிளீச் ஊற்றியிருக்க வேண்டாம்.