பத்து விரல்

ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' (2003) நாவலை முதல்முறை வாசித்தபோது நான் சென்னையில் கல்லூரி மாணவி. இரண்டாம் முறை வாசித்தது ஜெர்மனியில், எட்டு மாத வயிற்றோடு. முதல் வாசிப்பில் நான் அடிக்கோடிட்ட இடம் எல்லாரும் அடிக்கோடிடுவதுதான்: அந்நிய தேசத்து வாழ்க்கையே முடிவில்லாத ஒரு கர்ப்பம் என்று அஷிமா நினைக்கும் இடம். இரண்டாம் வாசிப்பில் அதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. கர்ப்பம் முடிஞ்சிரும்ங்க. அது முடியப்போகுதுங்கிறதுதான் பயமே. ஏதோ ஒரு ராத்திரி, நமக்கு அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில் அது முடியும். அந்த உருவகத்தில் அஷிமாவைவிட லாஹிரியின் குரல்தான் எனக்குக் கேட்டது.

நாவலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. 1968, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம். நிறைமாத அஷிமா ரைஸ் கிரிஸ்பீஸில் வேர்க்கடலையும் வெங்காயமும் போட்டுப் பிசைகிறாள். கல்கத்தா நடைபாதையில் விற்கும் பொரிக்கு அதுதான் மாற்று. கடுகெண்ணெய் இல்லை. அங்கேயே வலி ஆரம்பிக்கிறது. ஆஸ்பத்திரியில் விரல் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு கல்கத்தாவில் இப்போது மணி என்னவென்று கணக்குப் போடுகிறாள். ஒன்பதரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

நானும் போட்டேன். எனக்கு மூன்றரைதான். இங்கே ராத்திரி இரண்டு என்றால் அங்கே ஐந்தரை, அம்மா பால் வாங்க எழுந்திருப்பாள். நம்மூரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வங்காளத்திலும் அப்படியே என்று லாஹிரி எழுதுகிறார். எனக்கு வளைகாப்பு வாட்ஸப் வீடியோவில் நடந்தது. பிரசவ லேகியம் பார்சலில் வந்தது.

வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று நர்ஸ் கேட்டார். இடுப்பைக் கழட்டி எடுக்கிற மாதிரி விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு ஜெர்மனில் எப்படிச் சொல்றது? 'ஸீபன்' என்றேன். ஏழு. பத்து என்று சொல்ல என்னவோ கூச்சமாக இருந்தது. அடுத்து, குழந்தை நல்லா இருக்கான்னு கேட்கும்போது 'டாஸ் கிண்ட்' என்பதற்குப் பதில் 'டெர் கிண்ட்' என்றேன். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் உறுத்தியது.

அப்போதுதான் அஷிமாவின் அந்தத் தவறு நினைவுக்கு வந்தது. ஆணா பெண்ணா என்ற பேச்சு வரும்போது, விரலெல்லாம் சரியாக இருந்தால் போதும் என்று நர்ஸிடம் சொல்கிறாள். ஆங்கிலத்தில் பன்மையை விட்டுவிடுகிறாள். ஆங்கிலம் நன்றாகப் படித்த பெண். கிட்டத்தட்ட பிரசவ வலி அளவுக்கு அந்தப் பிழையும் அவளை வலிக்கச் செய்கிறது. அந்த முடிவில்லாத கர்ப்பத்தைவிட விட்டுப்போன அந்த ஒரு 'எஸ்' எனக்குப் பெரிது.

லாஹிரியிடம் எனக்கொரு மனக்குறை உண்டு. வீடு திரும்பிய அஷிமாவிடம் அரிசி தீர்ந்துவிடுகிறது. மாடிவீட்டுப் பெண் பழுப்பரிசி தருகிறாள். மரியாதைக்கு வாங்கி வந்து, கீழே வந்ததும் கொட்டிவிடுகிறாள். அபாரமான இடம். அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். கதை கோகோல் என்ற பெயருக்கும் அதைச் சுமக்கும் மகனுக்கும் நகர்ந்துவிடுகிறது. அம்மாவின் தையல் என்னாச்சு, பால் கட்டிக்கொண்டதா, யார் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள்? எனக்கு ஹெபாமே வந்தார். இங்கே பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வரும் மருத்துவச்சி, இன்ஷூரன்ஸே செலவைப் பார்த்துக்கொள்ளும். துணித் தொட்டிலில் குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்த்தார், தையலைப் பார்த்தார். லேகியத்தை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த நாற்பது நாட்களுக்கென்றே ஒரு நாவல் எழுதலாம்.

பன்மை தவறும் அந்த இடத்தை ஒருநாள் தமிழில் பெயர்த்துப் பார்த்தேன். முடியவில்லை. தமிழில் 'பத்து விரல்' என்றால் தவறே இல்லையே! அஷிமாவின் வங்காளியிலும் அப்படித்தான். 'விரல்கள்' என்று திருத்தினால்தான் செயற்கையாக இருக்கிறது. குழந்தை பிறந்த அன்று அம்மா போனில் முதலில் கேட்டது அதைத்தான்.

"பத்து விரலும் இருக்கா? எண்ணிப் பாத்தியாடி?"