மாண்டெஸ்கியூ கண்ட கீழைத்தேயம்

ஐரோப்பாவில் வரம்பற்ற முடியாட்சிக்கும் சட்டத்துக்கு உட்பட்ட ஆட்சிக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தைப் பயில்வோர், மாண்டெஸ்கியூவின் 'சட்டங்களின் சாரம்' என்னும் நூலைத் தவிர்க்க இயலாது. 1748இல் ஜெனீவாவில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த இந்நூல் அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கு நிலையான வடிவம் தந்தது. உஸ்மானிய, பாரசீக, இந்திய அரசுகளை அச்சத்தால் இயங்கும் கொடுங்கோன்மைகள் என்று வகைப்படுத்தியதும் இதே நூல்தான். முன்னதை நாம் மதிக்கிறோம். பின்னதை ஆராய வேண்டியுள்ளது.

மாண்டெஸ்கியூ வாழ்ந்த பிரான்சின் நிலை என்ன? 1614இல் கூடிய பிரதிநிதிகள் பேரவை அதன்பின் 1789 வரை கூட்டப்படவே இல்லை. அரசாணைகளைப் பதிவு செய்யுமுன் ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமையைப் பதினான்காம் லூயி 1673இல் உயர் நீதிமன்றங்களிடமிருந்து பறித்தார். புராட்டஸ்டண்டுகளுக்குத் தம் பாட்டனார் வழங்கிய நாந்த் அரசாணையை 1685இல் ரத்துச் செய்தார். போர்தோ நீதிமன்றத்தில் உயர்பதவி வகித்த மாண்டெஸ்கியூ இவற்றையெல்லாம் நன்கறிந்தவர். தணிக்கை நிலவிய நாட்டில் சொந்த மன்னரை வெளிப்படையாகச் சாட இயலாத அவர், தாம் அஞ்சிய பிரான்சையே கீழைத்தேயத்தின் பெயரால் வரைந்தார் என்று கொள்ள இடமுண்டு. அந்நாடுகளை அவர் நேரில் கண்டதில்லை. ஷார்தேன் முதலான பயணிகளின் குறிப்புகளையே நம்பினார்.

இதற்கு மறுப்பும் பிரான்சிலிருந்தே எழுந்தது. 1755இல் புதுச்சேரியில் வந்திறங்கி, இந்தியாவில் ஆறாண்டுகள் தங்கிப் பாரசீகம் கற்ற ஆங்க்தில் துப்பெரோன், 1778இல் வெளியிட்ட தம் நூலில், துருக்கியிலும் பாரசீகத்திலும் இந்துஸ்தானத்திலும் ஆள்வோரையும் குடிகளையும் ஒருங்கே கட்டுப்படுத்தும் சட்டம் உண்டு என்றும், தனியார் சொத்துரிமை உண்டு என்றும் நிறுவ முற்பட்டார்.

இவ்விடத்தில் நாம் மனநிறைவு கொண்டு நின்றுவிடலாகாது. 1648இல் சுல்தான் இப்ராஹீம் ஷைகுல் இஸ்லாமின் ஃபத்வாவின் பேரில் பதவியிறக்கப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டார். 1649 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டார். மன்னன் சட்டத்துக்கு மேலானவன் அல்லன் என்பதை இரு சமூகங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் காட்டின. ஆயினும் பின்விளைவுகள் வேறாயின. நாடாளுமன்ற ஒப்புதலின்றி வரி விதிக்கவோ சட்டங்களை நிறுத்தி வைக்கவோ மன்னருக்கு உரிமையில்லை என்று 1689இன் உரிமைச் சட்டம் எழுதி வைத்தது. நீதிபதிகளை மன்னர் தம் விருப்பப்படி நீக்க இயலாதவாறு 1701இன் சட்டம் வழிசெய்தது. உஸ்மானிய அரசிலோ ஷைகுல் இஸ்லாமை நியமிப்பவரும் நீக்குபவரும் சுல்தானே. 1634இல் நான்காம் முராத், ஷைகுல் இஸ்லாமையே கொல்வித்தார். இப்ராஹீமைப் பதவியிறக்கிய ஃபத்வாவுக்குப் பின்னும் ஜானிஸரிப் படையின் வாள் தேவைப்பட்டது.

ஆகவே மாண்டெஸ்கியூவின் பிழை, நம்மிடம் சட்டம் இல்லை என்றதில் உள்ளது. ஷரீஅத் இருந்தது, அதை அறிந்த ஆலிம்களும் இருந்தனர். இல்லாதிருந்தது, அவர்களின் சொல்லை ஆட்சியாளரின் சினத்திலிருந்து காக்கும் நிலையான அமைப்பு. ஷூராவின் சிறப்பை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், அதற்கு ஒரு நிறுவன வடிவம் 1876இன் உஸ்மானிய அரசியல் சாசனம் வரை ஏன் தாமதமானது என்று கேட்கத் தயங்குகிறோம். பிறர் நம்மீது சுமத்திய பழியை மறுப்பது எளிது. இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே நம் கல்வியாளர்களின் கடமை.