இரவற்குரல் கற்பித்த தமிழ்

திரையிசைப் பாடல் என்றவுடன் முகம் சுளிப்பது தமிழாசிரியர் சிலரிடம் ஊறிய வழக்கம். பாடலின் பொருளை எடைபோட்ட அவர்கள் அதன் ஒலியை எடைபோடத் தவறினர் என்பதே என் கருத்து.

ரந்தாவ் வட்டாரத்தில், லின்சம் போன்ற பால்மரத் தோட்டங்களின் லயத்துப் பேச்சில் மழை ‘மளை’ ஆகும். பழம் ‘பளம்’ ஆகும். விடியுமுன் பிரட்டுக்குப் போன பெற்றோருக்குப் பிள்ளையின் ஒலிப்பைத் திருத்த நேரமேது? நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தடவ ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலைக் காட்டி நாம் விளக்கலாம். ஆயினும் அப்பிள்ளைகளின் காதில் நாள்தோறும் விழுந்த செம்மையான ழகரம், வானொலிப் பெட்டியிலிருந்தும் தோட்டத்துத் திடலில் கட்டிய வெண்திரையிலிருந்தும் வந்ததாகும்.

திரையில் ஒலித்த அக்குரல் நடிகருடையதன்று. 1935-இல் வங்காளத்தில் நிதின் போஸ் இயக்கிய ‘பாக்ய சக்ரா’ இந்தியத் திரைக்குப் பின்னணி பாடும் முறையைக் கொணர்ந்தது. தமிழில் 1938-இல் ‘நந்தகுமார்’ அவ்வழியைத் திறந்தது. அதற்குமுன், தியாகராஜ பாகவதரைப் போல, பாட வல்லவரே கதாநாயகராக விளங்கினர். இரவற்குரல் வந்தபின் பாடகருக்கு முகமில்லை. கண்ணசைவும் கையசைவும் வேறொருவருடையன. ஒலி ஒன்றே அவர் உடைமை. சொல்தெளிவு அவருக்கு உயிராயிற்று.

மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜனின் வீட்டுமொழி சௌராட்டிரம். 1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜி கணேசனுக்கும், அதே ஆண்டு ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். நடிகருக்கேற்பக் குரல் மாறியது, ழகரம் மாறவில்லை. பி. சுசீலாவோ ஆந்திரத்து விஜயநகரத்தில் பிறந்து தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருக்குத் தமிழ் கற்பிக்கவே ஏ.வி.எம். நிறுவனத்தார் ஆசிரியர் ஒருவரை அமர்த்தினர். 1968-இல் வெளிவந்த ‘உயர்ந்த மனிதன்’ படப் பாடலுக்காகச் சுசீலா தேசிய விருது பெற்றார்; பின்னணிப் பாடகியர்க்கென வழங்கப்பட்ட முதல் தேசிய விருது அதுவே. அப்பெருமையில் அந்தத் தமிழாசிரியருக்கும் பங்குண்டு என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. காக்கிநாடாவில் பிறந்த பி. பி. ஸ்ரீநிவாசையும் கேரளத்து யேசுதாசையும் சேர்த்து எண்ணினால், தாய்மொழி வேறென்பது தடையாகாது என்பது தெளிவாகும்.

ஒன்றை மட்டும் விலக்கி வைக்கவேண்டும். மெட்டின் இழுவையில் குறில் நெடிலாக நீளும். யாப்புக்குத் திரைப்பாடலைச் சான்று காட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்நாளில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒருங்கிருந்தே ஒலிப்பதிவு செய்தனர். ஒரு சொல் பிறழ்ந்தாலும் பாட்டு முழுவதையும் மீண்டும் பாட நேரும். ஆகவே ஒத்திகையிலேயே சொல்லைத் திருத்தினர். இன்று துண்டு துண்டாகப் பதிவு செய்து பின்னர் இணைக்கின்றனர். சுருதிப் பிசகைக் கணினி திருத்திவிடுகிறது. ழகரப் பிசகு அப்படியே வெளிவருகிறது. ‘வாழ்வு’ ‘வால்வு’ ஆகிறது. தமிழே ‘தமில்’ ஆகிறது. நம் மாணவர் பாடுவதும் அதையே.

பள்ளிப் பாட்டுப் போட்டிகளில் குரலினிமைக்கும் தாளத்துக்கும் புள்ளி தாராளமாக விழுகிறது. ஒலிப்புக்குத் தனிப்புள்ளி ஒதுக்கி, அதில் தவறியவருக்கு முதற்பரிசு இல்லையென்று நடுவர்கள் அறிவித்துப் பார்க்கட்டும். பிள்ளைகள் தாமாகவே சுசீலாவைத் தேடிக் கேட்பர்.