மொசைக் போய் டெரசோ வந்தது

சென்னையில் புதிதாகத் திறக்கும் காபிக் கடை, துணிக்கடை, கோ-வொர்க்கிங் ஆபீஸ் என்று எதற்குள் நுழைந்தாலும் இரண்டு வகைத் தரைதான் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒன்று, சாம்பல் நிறத்தில் மினுங்கும் பாலிஷ்டு கான்கிரீட். இன்னொன்று, கலர் கலராகக் கல் சில்லு தெரியும் டெரசோ. இரண்டாவதுக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: மொசைக். எழுபது, எண்பதுகளில் கட்டிய வங்கி, பள்ளிக்கூடம், வீடு என்று எங்கும் இருந்ததுதான். பழசு என்று உடைத்துப் போட்டோம். இப்போது இத்தாலியப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வந்திருப்பது அதுதானா என்பதுதான் என் சந்தேகம்.

பழைய மொசைக்கை எப்படிப் போட்டார்கள்? மத்தியப் பொதுப்பணித் துறையின் கணக்கில் வழக்கமான கனம் 40 மி.மீ. அடியில் 34 மி.மீ. ஜல்லி கான்கிரீட், மேலே 6 மி.மீ. சிமென்ட்டும் மார்பிள் சில்லும் சேர்ந்த கலவை. சிமென்ட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். அதனால் ஒரு கட்டம் 2 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதி. கட்டங்களுக்கு நடுவே கண்ணாடிப் பட்டையோ பித்தளைப் பட்டையோ நிறுத்துவார்கள். நாம் அழகுக்குப் போட்ட கோடு என்று நினைப்பது உண்மையில் வெடிப்பைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு. கலவை இறுகியதும் தண்ணீர் விட்டு மூன்று சுற்று மெஷின் தேய்ப்பு. கடைசியில் ஆக்ஸாலிக் ஆசிட் பவுடர் போட்டுப் பாலிஷ்.

இதில் முக்கியமான விஷயம், அந்த 6 மி.மீ. முழுக்க ஒரே சரக்கு. மேலே தேய்ந்தால் கீழே இருப்பதும் அதேதான். இருபது வருஷம் மிதிபட்டு மங்கிப்போனாலும் மறுபடி மெஷின் விட்டால் புதுத்தரை கிடைத்துவிடும். ஹாலிவுட் நடைபாதையில் நடிகர்களின் பெயர் பதித்த நட்சத்திரங்கள்கூட பித்தளை விளிம்பு வைத்த டெரசோதான். 1960-லிருந்து ஊர் உலகமே அதை மிதித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது புதுக் கடைக்கு வருவோம். அங்கே டெரசோ என்று சொல்வது பல இடங்களில் டெரசோ படம் அச்சடித்த விட்ரிஃபைட் டைல். குனிந்து பாருங்கள், ஒரே வடிவச் சில்லு நாலைந்து டைல் தள்ளி அச்சு அசலாகத் திரும்ப வரும். படம் இருப்பது மேலே ஒரு மெல்லிய படலத்தில் மட்டும். முனை உடைந்தால் உள்ளே வேறு நிறம். தேய்த்தால் படமே போய்விடும். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒன்று சோர்ஸ் கோடு, மற்றது அதன் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட்டில் யாரும் பிழை திருத்த முடியாது.

பாலிஷ்டு கான்கிரீட்டிலும் இதே கதைதான். ஏற்கெனவே போட்ட தளத்தை வைரக்கல் பதித்த மெஷினால் தேய்த்து, சோடியம் அல்லது லித்தியம் சிலிகேட் கரைசலை ஊற்றுவார்கள். அது கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து துளைகளை அடைத்து மேற்பரப்பை இறுக்கும். மேலே புதிதாக ஒரு தரை போடவில்லை என்பதுதான் இதன் பெருமை. ஆனால் பல வாடகை ஆபீஸ்களில் நடப்பது வேறு. நல்ல டைல் தரையின் மேலேயே 2, 3 மி.மீ. மைக்ரோ சிமென்ட் பூசி, சீலர் அடித்து, கான்கிரீட் மாதிரி காட்டுகிறார்கள். எதையும் சேர்க்காத எளிமை என்ற தோற்றத்துக்காகவே ஒரு பூச்சைச் சேர்ப்பது வேடிக்கைதான்!

அசல் கான்கிரீட் தரைக்கும் குறை உண்டு. ஒலியை அது கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. நாற்காலி இழுக்கும் சத்தம், பக்கத்து டேபிள் பேச்சு எல்லாம் திரும்பி வரும். அப்புறம் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை தொங்கவிட வேண்டியதுதான். தரையில் மிச்சம் பிடித்த காசு மேலே போய்விடும். எலுமிச்சை, புளி, வினிகர் எது சிந்தினாலும் கான்கிரீட்டையும் மார்பிள் சில்லையும் அரிக்கும். பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் மினுமினுப்பு சீக்கிரமே போய்விடும்.

டைல் போடுகிறவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அசல் மொசைக்குக்குக் கலவை இறுகும் வரை காத்திருக்க வேண்டும், தேய்த்த சேற்றை அள்ள வேண்டும். ஈரமில்லாமல் தேய்த்தால் பறக்கும் சிலிகா தூசி தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். சில வருஷக் குத்தகைக்கு எடுத்த இடத்தில், வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது, யாருக்குப் பொறுமை இருக்கும்? புது இடத்தில் டைல் போடுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

என் கோபமெல்லாம் ஒன்றே ஒன்றின் மேல்தான். பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, அங்கே இருக்கும் அசல் மொசைக்கை உடைத்து, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதே மொசைக்கின் படத்தைக் காசு கொடுத்து ஒட்டுகிறார்கள். அடித்தளம் நன்றாக இருந்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே போதும். வெடித்த கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்ப வார்க்கலாம். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும்தான், தெரியட்டுமே.

ஆகவே கடையோ ஆபீஸோ எடுக்கிறவர்கள் டிசைனரிடம் கலர் கார்டு கேட்பதற்கு முன்னால், கீழே இருக்கும் தரையில் ஒரு ஓரத்தை மட்டும் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். மெஷினோடு ஒரு ஆள் வந்தால் அரை நாள் வேலை. அதைப் பார்த்துவிட்டு உடைப்பதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.