நடுக்கூடம் யாருடையது?

புளியங்குடி வட்டாரத்தில் நாம் சேகர ஊழியம் செய்த நாட்களில், ஒரு சிற்றூர்ச் சபையார் தங்கள் பழைய ஓட்டு ஆலயத்தை இடித்துக் கான்கிரீட்டினால் புதியது கட்டத் தீர்மானித்தனர். வரைபடத்தில் முகப்பெங்கும் கூர்நுனி வளைவுகள்; அவற்றின்மேல் உயர்ந்த கோபுரம். "மெய்ஞ்ஞானபுரம் ஆலயம் மாதிரி இருக்க வேண்டும் ஐயா" என்றார் மூப்பர். நாம் மறுப்பேதும் கூறாமல் ஜெபித்து அனுப்பினோம். அன்று சொல்லத் தவறியதை இங்கு எழுதுகிறோம்.

திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரி மணலில் எழுந்து நிற்கும் மெய்ஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம், சர்ச் மிஷனெரி சங்கத்து ஜான் தாமஸ் ஐயரின் உழைப்பால் உருவானது. 1844இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1847இல் பிரதிஷ்டையாயிற்று. 192 அடி உயரக் கோபுரம் முற்றுப்பெற்றது 1868இல். இரண்டாண்டுகளில் ஐயர் மறைந்தார். அதன் கட்டட முறை கோதிக் எனப்படும். இங்கிலாந்தில் இடைக்காலத்துக் கிராமச் சேகர ஆலயங்கள் கண்ட வடிவத்தையே பத்தொன்பதாம் நூற்றாண்டு மீண்டும் கையாண்டது. ஆகவே இவ்வாலயத்தை மதிப்பிட விரும்புவோர் அதன் மூலமாதிரியை முதலில் அறிதல் வேண்டும்.

அம்மூலமாதிரியில் இரண்டு பகுதிகள் உண்டு. கிழக்கே திருப்பீடப் பகுதி. மேற்கே மக்கள் கூடும் நடுக்கூடம். இரண்டிற்கும் இடையில் சிலுவை தாங்கிய மரத்தட்டி. 13ஆம் நூற்றாண்டளவில் நிலைபெற்ற வழக்கப்படி, திருப்பீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு குருவானவருடையது. நடுக்கூடத்தின் பொறுப்பு சேகர மக்களுடையது. இதற்கெனவே சபையார் தங்களுக்குள் ஆலயக் கண்காணிப்பாளரைத் தெரிந்துகொண்டனர். இருக்கைகள் அரிதாயிருந்த அக்கூடத்தில் ஊர்க்கூட்டங்களும் விருந்துகளும் நடந்ததுண்டு. நம் நாட்டு அசனப் பண்டிகையை அறிந்தோர்க்கு இது விந்தையாகத் தோன்றாது.

இவ்வமைப்பைக் குறையற்றதென்று நாம் சொல்லவில்லை. மரத்தட்டி மக்களைத் திருவிருந்தினின்று தூரப்படுத்தியது. சீர்திருத்தக் காலத்தில் சுவரோவியங்கள் சுண்ணாம்பினால் மறைக்கப்பட்டன. பிரசங்க பீடம் முதன்மை பெற்றது. எனினும் கூரை ஒழுகினால் அது தங்கள் பொறுப்பென்று ஏழைக் குடியானவரும் அறிந்திருந்தனர். சபையியல் பாடத்தில் நாம் நெடுநேரம் விளக்க முயலும் உண்மையை அக்கட்டடம் மௌனமாகக் கற்பித்தது.

கூர்நுனி வளைவும் அத்தகையதே. அது அலங்காரமாகப் பிறந்ததன்று. மேலிருக்கும் பாரத்தை வாங்கித் தூண்களுக்கும் தாங்குசுவர்களுக்கும் இறக்குவதே அதன் தொழில். அதனால்தான் சுவர்களில் பெரிய சாளரங்களைத் திறக்க முடிந்தது. கான்கிரீட்டு உத்திரம் பாரத்தைச் சுமக்க, அதன்முன் ஒட்டவைத்த வளைவு எதைச் சுமக்கிறது? சுமப்பதுபோல் பாவனை செய்கிறது. சத்தியத்தைப் பிரசங்கிக்கும் இடத்தின் முகப்பிலேயே பாவனை இருப்பது நமக்கு உறுத்தவேண்டும்.

அங்ஙனமாயின் மெய்ஞ்ஞானபுரம் அந்நியமானது என்று தள்ளிவிடலாமா? அதுவும் எளிய தீர்ப்பு. பனைகளுக்கு மேலாக எழுந்த அக்கோபுரம், ஒடுக்கப்பட்டிருந்த மக்களுக்குத் தங்களுக்கும் தலைநிமிர ஓரிடம் உண்டென்று சொல்லிற்று. அதன் அருகிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வே. ச. அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அவர், தோர்ணக்கல்லில் எழுப்பி 1939இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்தில் கோதிக் வடிவத்தைப் பின்பற்றவில்லை. இந்நாட்டுக் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் நினைவூட்டும் தூண்களும் குவிமாடங்களும் அங்கே கிறிஸ்துவின் ஆராதனைக்குப் பணிபுரிகின்றன. மெய்ஞ்ஞானபுரத்தின் நிழலில் வளர்ந்தவர் அதனிடம் துணிவைக் கற்றார், உருவத்தை நகலெடுக்கவில்லை.

புளியங்குடியிலிருந்து தெற்கே சென்றால் தென்காசிப் பெருங்கோயில் தோன்றும். 1446இல் பராக்கிரம பாண்டியன் அதைத் தொடங்கினான். பின்வரும் காலத்தில் அதைப் பேணிக் காப்போரை வணங்குவதாக அவன் கல்லில் பொறித்திருக்கிறான். கட்டியவன் பேணுவோர் முன் பணிகிறான்! இச்செய்தி நமக்கும் உரியது. கட்டுவது ஒரு தலைமுறையின் உற்சாகம். பேணுவது பல தலைமுறைகளின் விசுவாசம்.

பாரிஷ் என்னும் சொல்லின் கிரேக்க மூலமாகிய பரோய்க்கியா, அந்நியராய்த் தங்கியிருத்தலைக் குறிப்பது. பேதுருவின் முதலாம் நிருபத்தில் அச்சொல் வருகிறது. வழிப்போக்கருக்கு உறைவிடம் தேவை, பாவனை தேவையில்லை.

முதலில் கூறிய அச்சபையின் ஆலயம் கட்டப்பட்டது. கோபுரத்தில் பணம் முடிந்தது. கடன் குறித்த வழக்கில் சபை இரண்டுபட்டது. பழைய ஆலயத் தாழ்வாரத்தில் ஒன்றாய் அமர்ந்து அசனம் உண்டவர்கள், புதிய ஆலயத்தில் தாழ்வாரமே இல்லாதபடியால் தெருவில் பந்தலிட்டனர். அதிலும் பாதிப்பேர் வரவில்லை. இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. வரைபடத்தை நம்முன் விரித்தபோது, கோபுரத்தின் உயரத்தைக் கேட்டறிந்த நாம் நடுக்கூடம் யாருடையது என்று கேட்கவில்லை. நாளை சேகரங்களுக்குச் செல்லும் மாணவச் சகோதரர், அதை முதலாவது கேட்பாராக.