பனி காணாத ஊரில் ஒரு பனிமலை

பனி என்றால் திருச்சிக்காரர்களுக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான். வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி முழங்கால் அளவு குவியும் பொருளைக் குறிக்க 'வெண்பனி' என்றும் 'உறைபனி' என்றும் ஒட்டுச் சொற்களை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம். ஸ்ரீரங்கத்துச் சிறுவன் ஒருவன் சித்திரை வெயிலுக்கு அஞ்சி வீட்டுக்குள் அமர்ந்து, தொலைக்காட்சியில் பிளேஸ்டேஷன் 2 பெட்டியை இணைத்து, எஸ்.எஸ்.எக்ஸ். 3 என்னும் பனிச்சறுக்கு ஆட்டத்தை ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பனியைப் பற்றி அவனுக்குக் கிடைக்கும் முதல் ஆசிரியர் அந்த ஆட்டமே.

கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து தவறாக எழும்பினால் அவனே சிரித்துவிடுவான். உத்தர வீதியில் நாள்தோறும் பந்து எறிகிறவனாயிற்றே. பனி ஆட்டம் பொய் சொன்னால் அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஆட்டத்தை இக்கேள்வியோடு பார்ப்பதே முறை.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கனடாக் கிளை உருவாக்கி 2003-இல் வெளிவந்த ஆட்டம் இது. பிளேஸ்டேஷன் 2 பெட்டியின் உற்பத்தி 2013-இல் நின்றுவிட்டாலும், பழைய பெட்டிகள் இயங்கும் வீடுகளில் இன்றும் இதை ஆடலாம். இதன் மூலமான பனிப்பலகை விளையாட்டு அப்படியொன்றும் பழையதன்று. 1965-இல் ஷெர்மன் பாப்பன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் பெண்களுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்த விளையாட்டு 1998-இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. நம் நாட்டில் இதற்குக் காஷ்மீரத்துக் குல்மார்க் போன்ற இடங்களுக்குத்தான் போகவேண்டும்.

ஆட்டத்தின் பெருமையை முதலில் சொல்லிவிடலாம். ஒரே மலை, அதில் மூன்று சிகரங்கள். உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே ஓட்டமாகச் சறுக்கி வரலாம். பந்தயத்தை மறந்து இப்படி இறங்கும்போது, உயரம் என்பது செலவழிக்கத்தக்க ஒரு செல்வம் என்ற உணர்வு வருகிறது. பாடநூலின் 'நிலை ஆற்றல்' தராத உணர்வு அது!

இன்னொன்றும் சரியாக அமைந்திருக்கிறது. காற்றில் சுழல விரும்பினால், தாவுவதற்கு முன்பே பொத்தானை அழுத்திப் பிடித்து உடலைத் திருகிக்கொள்ள வேண்டும். காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில் கரையிலிருந்து குட்டிக்கரணம் அடித்துக் குதிக்கும் பையன்களைக் கேளுங்கள். கால் தரையை விடும் கணத்தில் சுழற்சியைத் தொடங்காதவன் வயிறு அடிபடத்தான் விழுவான். (ஆழம் அறியாமல் குதிப்பது உயிருக்கு ஆபத்து; பார்த்தால் போதும்.) கால் தரையை விட்டபின் கோண உந்தத்தைப் புதிதாகத் தருவதற்கு ஏதுமில்லை. முழங்காலை மடக்கிச் சுழற்சியை விரைவாக்கலாம், நீட்டித் தணிக்கலாம், அவ்வளவே. காவிரிக் கரையில் கற்றதை இந்த ஆட்டம் மறுக்கவில்லை.

உயரக் கணக்கில்தான் இடறுகிறது. ஆறு விநாடி காற்றில் மிதப்பது இங்கே சர்வசாதாரணம். கிளம்பிய மட்டத்திலேயே வந்து இறங்குவதானால், ஆறு விநாடிக்கு ஏறத்தாழ 44 மீட்டர் மேலே போயாக வேண்டும். மலைக்கோட்டைப் பாறையின் உயரம் ஏறக்குறைய 83 மீட்டர். அதில் பாதிக்கும் மேல்! திரும்பித் தரையைத் தொடும்போது செங்குத்து வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். சரிவில் இறங்கினால் மோதல் குறையும் என்பது உண்மை; இறங்குமிடங்களைச் சரிவாக அமைத்தவர்கள் அதை அறிந்திருக்கிறார்கள். அப்படியும் எல்லாத் தாவலுக்கும் எலும்பு தாங்காது.

இதைவிடப் பெரிய பிழை வேகப் பொத்தான். வித்தைகள் செய்யச் செய்ய ஒரு அளவுகோல் நிரம்புகிறது. பொத்தானை அழுத்தினால் பலகை சீறிப் பாய்கிறது. இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? மலைக்கோட்டை உயரத்திலிருந்து உராய்வே இல்லாமல் சறுக்கினாலும் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. காற்றும் பனியும் அதில் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். காற்றில் அடித்த கரணத்துக்குப் பரிசாக இயற்கை ஒரு ஜூல் கூடத் தருவதில்லை.

விளையாட்டுதானே, இவ்வளவு கணக்கு எதற்கு என்பீர்கள். புராணப் படத்தில் குதிரை பறந்தால் நாம் குறை சொல்வதில்லை. குதிரை பறக்காது என்று குழந்தைக்கும் தெரியும். பனிப்பலகை எப்படிப் போகும் என்று நம் குழந்தைக்குத் தெரியாதே! தென்னை மட்டையில் தோழனை உட்காரவைத்து இழுத்தவன், கையை விட்டதும் மட்டை நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறான். மெழுகு பூசிய பலகைக்கோ மூன்று பாகைச் சரிவே பெரும்பாலும் போதும். உராய்வுக் கெழு 0.05 அளவில்தான் இருக்கும். இந்த உண்மையே போதிய வியப்பு. அதன்மேல் எரிபொருள் இல்லாத ராக்கெட்டை ஏற்றியதால், எது பனியின் குணம், எது கற்பனை என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

பனிச்சரிவைக் கையாளும் விதத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. ஆட்டத்தில் அது பின்னால் துரத்திவரும் ஓர் அலங்காரம். வேகமாகப் போனால் தப்பலாம், சிக்கினாலும் மறுபடி தொடங்கலாம். உண்மைச் சரிவில் வெண்புகைபோல் தெரிவது மேற்போர்வைதான். உள்ளே வருவது நின்றதும் இறுகிவிடும் பாரம். ஒரு கன மீட்டர் பல நூறு கிலோகிராம் எடையிருக்கும். புதைந்தவரால் கையைக்கூட அசைக்க முடியாது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் இருந்த காவல் நிலை இப்படித்தான் மூடுண்டது. அங்கே இருந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்து வீரர்கள். தமிழ்நாட்டு ஊர்க்காரர்களும் அவர்களில் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஒருவர் மட்டும் ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார்.