ஏடா மொழியில் முறைவைப்பு

நன்னூலார் கூறும் 32 உத்திகளுள் ‘ஓத்துமுறை வைப்பு’ என்பதும் ஒன்றென்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். எதை முன் வைப்பது, எதைப் பின் வைப்பது என்னும் ஆராய்ச்சி கணினி மொழிகளுக்கும் உரியதே. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ழான் இக்பியா குழுவினர் வகுத்து, 1983-இல் தரநிலை பெற்ற ஏடா மொழியை ஈண்டு அந்நோக்கில் ஆராய்வோம்.

ஏடாவில் ஒரு தொகுதி முகப்பு, உடல் என இரு கூறுபடும். இன்னின்ன செயல்கள் உள என முகப்புச் சொல்லும். அவற்றைச் செய்யும் முறை உடலில் இருக்கும். முதன்மைப் பகுதி தொடங்குமுன் தொகுதிகள் யாவும் ஒவ்வொன்றாக உருப்பெறல் வேண்டும். இதனை எலாபரேஷன் என்பர். ‘வித்’ என ஒரு தொகுதியை வேண்டினால், அதன் முகப்பு முன்னரே உருப்பெறும் என்பது உறுதி. உடலுக்கு அவ்வுறுதி இல்லை.

‘விலை’ என்னும் தொகுதி, தன் மாறிலி ஒன்றன் தொடக்க மதிப்பைப் பெற ‘வரி’ என்னும் தொகுதியின் செயலை அழைக்கிறதெனக் கொள்வோம். வரியின் உடல் அதற்குள் உருப்பெறாவிடின், ‘புரோகிராம் எர்ரர்’ எழுந்து நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். முறையைத் தெரியும் உரிமை பெரும்பாலும் கம்பைலருக்கு விடப்பட்டமையால், ஒன்றில் ஓடிய நிரல் மற்றொன்றில் ஓடாமற் போகலாம்.

இதனை முற்றும் குறையென்றல் நடுநிலை ஆகாது. இரு தொகுதிகளின் உடல்கள் ஒன்றையொன்று வேண்டுதல் ஏடாவில் முறையே. ‘வித்’ என்றாலே உடலும் முந்தவேண்டும் என விதித்தால், அத்தகைய நிரல்கள் தள்ளுண்டு போம். சி++ மொழியிலும், வெவ்வேறு கோப்புகளிலுள்ள பொது மாறிகளின் தொடக்க முறை பெரும்பாலும் வரையறையின்றியே உள்ளது. அங்கே பிழை வாய்திறவாமலும் இருந்துவிடும். ஏடாவோ பிழையைச் சொல்லி நிற்கிறது.

1983-இல் தந்த ‘எலாபரேட்’ கட்டளை, பெயரிட்ட தொகுதியின் உடலை முன்னே கொணரும். ஆயின் அவ்வுடல் மூன்றாம் தொகுதியை அழைப்பின், அதற்குக் காவல் இல்லை. 1995-இல் வந்த ‘எலாபரேட் ஆல்’, சார்ந்தன அனைத்தையும் முன் நிறுத்தி அக்குறையைத் தீர்த்தது.

எனினும் இம்மருந்து எழுதுவோனின் நினைவைச் சார்ந்தது; அவன் மறந்தால் மொழி கட்டாயப்படுத்தாது. ‘நாட்’ என்னும் கம்பைலர், தன் இயல்பு நிலையில் இத்தகைய காவலைத் தானே சேர்த்துக்கொண்டு, சுழல் நேரின் நிரலை இணைக்கும்போதே தடுக்கிறது. வானூர்தியிலும் தொடர்வண்டியிலும் பணிபுரியும் மொழிக்கு இதுவே பொது விதியாயிருத்தல் தகும் என்பது எம் கருத்து. அதுவரை, மாறிலியின் தொடக்க மதிப்புக்குப் பிற தொகுதியை அழையாது, முதன்மைப் பகுதியிலிருந்து தொடக்கச் செயல்களை முறையே அழைக்குமாறு மாணவர்க்குக் கற்பித்தல் நன்று.